முன்னால் கேமரா

"இந்தாளைப் புடிச்சு உள்ள போடுங்க மேடம்!"

கத்தியவர் ஆனந்தகுமார். வீடு சேலம் அம்மாபேட்டை, மில் நாமக்கல். சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். காரின் பின் கண்ணாடியில் அதை அரையடி எழுத்தில் ஒட்டியிருந்தார்.

அவர் கை நீட்டிய ஆள் சென்னிமலை. பழைய லாரி டிரைவர். ராசிபுரம் தாண்டி நான்கு வழிச் சாலையோரம் பஞ்சர் கடை.

"என்ன பண்ணினாரு?" என்றார் எஸ்.ஐ. நர்மதா. ஜீப்பை விட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"சாயங்காலமானா ரோட்டோரம் நின்னுக்கறான். வர்ற வண்டிக்கெல்லாம் முன்னால கேமரா இருக்குதுன்னு சைகை காட்டறான். அவனவன் வேகத்தைக் குறைச்சுத் தப்பிச்சுக்கறான். அப்புறம் கேமரா வெச்சு என்ன புண்ணியம்? மாட்டினாத்தான மேடம் பயம் வரும்?"

பேச்சில் நியாயம் இருந்தது. கூடி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

"நெசமாங்க?" என்றார் நர்மதா.

"ஆமாங்க." சென்னிமலை ஒரு கையைக் கண்ணருகே வைத்து, போட்டோ எடுப்பது போல விரலை அழுத்திக் காட்டினார். "இதைப் பாத்தா எந்த லாரிக்காரனும் பிரேக்குல கால வெப்பானுங்க. டிரைவருக்கு டிரைவர் இதுல பொய் சொல்றதில்லைங்க. லாரி குறைச்சா காரும் குறைக்கும்."

"பாத்தீங்களா, வாயாலயே ஒத்துக்கறான்!"

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எனக்கே காட்டினான் மேடம்! நான் அடிச்ச பிரேக்குல பின்னால வந்த டெம்போ இடிக்கப் பாத்துது."

"அப்ப எத்தனைல வந்தீங்க?"

ஆனந்தகுமார் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார்.

நர்மதா சென்னிமலையிடம் திரும்பினார். "தப்புங்க இது. கேஸ் போட்டா கடையைச் சாத்திட்டு நீங்க கோர்ட்டுக்கு அலையோணும். கேமரா எங்க இருக்குது?"

"அதோ, அந்தக் கம்பத்துல!" ஆனந்தகுமார் முந்திக்கொண்டார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கம்பம் இருந்தது. உச்சியில் ஒரு காக்கை இருந்தது.

"கம்பம் மட்டுந்தானுங்க நட்டாங்க," என்றார் சென்னிமலை. "கேமரா வருது வருதுன்னாங்க. வரலீங்க."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது.

"மொதல்ல செவப்புத் துணியத்தான் ஆட்டுனனுங்க. ஒருத்தனும் நிக்கலை. புள்ளைங்க தாண்டுதுன்னு கத்தினா ஆரன் அடிக்கறான். கேமரான்னா பிரேக் அடிக்கறான். நான் என்ன பண்றதுங்க? பொய்யின்னு தெரிஞ்ச அன்னைக்கு ஒரு டிரைவரும் என்ற கைய மதிக்கமாட்டான்."

சொல்லிக்கொண்டே சாலை விளிம்புக்குப் போனார். கையைக் கண்ணருகே வைத்தார். லாரி குறைத்தது. பின்னால் வந்த கார்கள் குறைத்தன. பிள்ளைகள் கூட்டமாகக் கடந்தார்கள்.

கடைசியாக ஒரு பெண், ஊன்றுகோலோடு. சென்னிமலையின் மகள் சௌந்தர்யா. போன வருஷம் இதே இடத்தில்தான் ஒரு கார் அவள் காலை வாங்கியிருந்தது.

"வரட்டுமாப்பா?"

"வா சாமி, மெதுவா வா."

நர்மதா ஜீப்பில் ஏறினார். "சார், கம்பத்துல கேமரா இருக்குது. நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீங்க. வெளிய மூச்சு விடக்கூடாது. சரிங்களா?"

"ஐயோ, விடுவனா மேடம்? குழந்தைங்க விஷயம்!" ஆனந்தகுமார் நெஞ்சில் கை வைத்தார். அடுத்த கூட்டத்தில் சென்னிமலைக்குச் சால்வை போடுவதாகச் சொன்னார். கையைப் பிடித்துக் குலுக்கினார். செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம். மணி அடித்தது. சென்னிமலை கையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

லாரி குறைத்தது. பஸ் குறைத்தது. முட்டை வண்டி குறைத்தது.

ஒரு கார் மட்டும் குறைக்கவில்லை. எல்லாவற்றையும் முந்திக்கொண்டு பறந்தது. சாலையில் கால் வைத்த பிள்ளைகள் அலறிப் பின்வாங்கினார்கள்.

பின் கண்ணாடியில் அரையடி எழுத்து.