மூடியைத் திறக்காதீங்க!

"ஐயோ ஏட்டையா, மூடியைத் திறந்துடாதீங்க! கொழுக்கட்டை வேகுது!"

ரோஸாலி ஓடிவந்து அடுப்பை மறித்துக்கொண்டு நின்றாள். ஏட்டு வாவ்ரா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"திறந்தா என்னக்கா, பறந்தா போயிடும்?"

"உக்காந்துடும். பாதி வேக்காட்டுல குளிர்காத்து பட்டா அவ்வளவுதான். உங்கம்மா சொன்னதில்லையா?"

"சொல்லாம என்ன? சின்ன வயசுல திறந்து பாத்துட்டு, கரண்டியாலயே வாங்கியிருக்கேன்."

வாவ்ரா சிரித்தார். ஆனால் சிரிக்கிற நாளில்லை அது. விமானத்திலிருந்து பாராசூட்டில் காட்டுக்குள் குதித்த எதிரிப் படையாட்களை, நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒளித்து வைத்த வீட்டில் ஒரு உயிரும் மிஞ்சாது என்று காலையில்தான் ஊர் நடுவே முழங்கியிருந்தார்கள். மேலத் தெருவைச் சிப்பாய்கள் சல்லடை போட்டுச் சலிக்க, காட்டோரத்து இந்தக் கோடி வீடு மட்டும் வாவ்ராவின் பொறுப்பு. ஜெர்மன் அதிகாரி வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேதான் வாவ்ரா படியேறியிருந்தார். கட்டிலடி, அலமாரி, நிலவறை, எங்கும் ஒன்றுமில்லை. ஏணி போட்டுப் பரணை எட்டிப் பார்த்தார். வைக்கோல். குத்திப் பார்க்க மனம் வரவில்லை, இறங்கிவிட்டார்.

மிச்சம் இந்தப் பானைதான். ரோஸாலியின் முகத்தில் ரத்தமே இல்லை. வெந்த கொழுக்கட்டையைத் துண்டு துண்டாக அறுக்கிற நூலை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கொழுக்கட்டைக்கா இந்த நடுக்கம்? உள்ளே துப்பாக்கி, குண்டு ஏதாவது இருந்து, நாளைக்கு அது வெளியே வந்தால்? இவள் தலையோடு தன் தலையும் சேர்ந்து உருளும்.

"மன்னிச்சுக்கக்கா" என்று மூடியைத் தூக்கிவிட்டார்.

குப்பென்று ஆவி. அது விலகியதும் உருளைக்கிழங்கு மணம். முழங்கை நீளக் கொழுக்கட்டைகள் விளிம்புவரை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மிதந்தன. ஐந்து பிள்ளைகள் இருக்கிற அவர் வீட்டு அடுப்பில் தினமும் பார்க்கிற அதே காட்சி. அவர் கண்ணெதிரிலேயே மேலே கிடந்த ஒன்று சுருங்கி அமுங்கியது.

வாவ்ராவுக்குச் சீ என்றாகிவிட்டது. "கெடுத்துட்டேனே! நாளைக்கு முட்டை ஊத்தி வறுத்துடுங்கக்கா, தெரியாது."

"பரவாயில்ல. ஆனா ஏட்டையா, இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"எது? கொழுக்கட்டை சரிஞ்சதையா?"

"ஊரே சிரிக்கும். உங்க பிள்ளைங்க மேல சத்தியமா சொல்லாதீங்க."

பொம்பளைகளுக்கு எதிலெல்லாம் மானம் என்று நினைத்தபடி வெளியே வந்தார்.

"இவ்வளவு நேரமா?" அதிகாரி எரிந்து விழுந்தார். "யாராவது இருக்கானா?"

"ஒரு ஈ, எறும்பு இல்லை சார்."

அதிகாரியின் பார்வை நகரவில்லை. அந்தப் பார்வையை வீட்டிலிருந்து திருப்ப ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. ஒரு சிரிப்பு மூட்டினால் போதும்.

"கொழுக்கட்டையைக் கொலை பண்ணினதுதான் சார் மிச்சம்! திறக்காதீங்கன்னு அந்தம்மா கெஞ்சுது, நான் கேக்காம மூடியைத் தூக்கிட்டேன். பானை நிறைய, ததும்பத் ததும்ப வெந்துகிட்டிருந்தது, பொசுக்குன்னு போச்சு. அழாத குறை!"

டிரைவர் சிரித்தான். அதிகாரியும் வாய்விட்டுச் சிரித்தார். வாவ்ராவுக்கு மூச்சு வந்தது. கார் உறுமிக் கிளம்பப் பார்த்தது.

அதிகாரி கையை உயர்த்தினார். இன்ஜின் நின்றது.

"பானை நிறையவா? புருஷன் செத்துட்டான், பிள்ளை குட்டி இல்லை, அவ ஒண்டிக்கட்டைன்னு காலையில நீதானே சொன்னே?"

வாவ்ரா வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதியாயிற்று; மேலத் தெருவிலிருந்து சிப்பாய்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.