மழை ரோட்டில் நடப்பவள்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் சாயங்கால வெயில் மிளகாய்ச் சாக்குகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அமெரிக்கக் கறுப்பு ஜனங்கள் சம உரிமைக்குப் போராடிய வரலாற்றைப் பல வருஷமாக ஆராய்கிற சந்தனமாரி, மெட்ராஸ் ரயிலுக்குமுன் அத்தை ஆவுடைத்தாயை ஊருக்கு பஸ் ஏற்ற வந்திருக்கிறாள். “யாரோ எவரோ, அவியளுக்காக ஒன் வயசத் தொலைக்கியேட்டி” என்கிறாள், அவளைப் படிக்கவைத்த அத்தை. அந்த வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்காமல் ரயிலேற இவளுக்கு மனமில்லை. ஒரு போட்டோவை எடுத்து அத்தையின் மடியில் வைக்கிறாள். அதில் மழை ரோட்டில் கறுப்புப் பெண்கள் நடக்கிறார்கள். பக்கத்தில் ஆளில்லாத பஸ் போகிறது. “வெள்ளக்காரனுக்கு எந்திரிச்சு எடங்குடுன்னு சொன்னதுக்கு, பஸ்ஸே வேண்டாம்னு வருசம் பூரா நடந்தாக அத்த.” “வருசம் பூராவா!” பக்கத்தில் நிற்கும், மிளகாய் விற்று வந்த பெண்களும் போட்டோவைப் பார்க்கக் குனிகிறார்கள். அத்தையின் காய்ப்பேறிய விரல், போட்டோவில் படாமல், ஒவ்வொரு காலின் மேலாகவும் மெல்லப் போகிறது. அத்தை ஏறவேண்டிய விளாத்திகுளம் பஸ் புழுதியோடு வந்து நிற்கிறது. “ஏறுதியளா, இல்ல ஆரத்தி எடுக்கணுமா?” என்கிறான் கண்டக்டர். ஒருத்தியும் நிமிரவில்லை. விசில் ஊதி, பஸ் போயே விடுகிறது. “கடைசில வாராளே, இவ பேரு என்ன?” “தெரியல அத்த. தேடிக்கிட்டுதான் இருக்கேன்.” அத்தை முந்தானையால் போட்டோவின் தூசியைத் துடைக்கிறாள். “தேடுதத விட்டுறாதட்டி. இம்புட்டு நடந்தவளுக்குப் பேரு இல்லாமப் போகலாமா?”