நாராயணப்பன் தோப்பு நாய்

தோப்புப் படலின் மேல் கை வைத்தேன். நாய் என்னையே பார்த்தது.

"வேணாம் மங்கா. அது சத்தமே போடாது. நேரா கழுத்துதான்." அண்ணி முனிலட்சுமி பத்தடி தள்ளி நின்றாள்.

அவளுக்கு எட்டு மாதம். இடுப்பில் வெறும் குடம். ஏரி வற்றிவிட்டது. இரண்டு மைல் நடந்து ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டவேண்டும். நேற்று பாதி வழியில் மயங்கி விழுந்தாள்.

படலுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் கிணறு. அதன் தொட்டியில்தான் ஒரு காலத்தில் எங்கள் தெருவே தண்ணீர் எடுத்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தோப்புக்காரர் நாராயணப்பன் பெங்களூரிலிருந்து ஒரு தகரப் பலகையைக் கொண்டுவந்து இந்தப் படலில் அடித்தார். அதில் ஒரு சீமை நாயின் தலை. வெற்றிலையை நிமிர்த்தி வைத்த மாதிரி காது. ரத்தச் சிவப்பில் நாக்கு. எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கும் கண். மேலே கொட்டை எழுத்தில் "இவனிருக்க பயமேன்?" கீழே பொடிப்பொடியாக இங்கிலீஷ்.

அப்படியொரு சாதி நாயை அதற்கு முன் எங்களில் யாரும் கண்டதில்லை.

ஆண்கள் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இந்த வாசலைத் தாண்டினார்கள். பண்ணைக்காரருக்குச் செய்கிற அதே மரியாதை. அம்மா செவ்வாய்தோறும் அதன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். பைரவர் வாகனமாம். தெருவில் காது விறைத்த குட்டி எது பிறந்தாலும் ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள்.

மாங்காய் பறிக்க வெளியூர் ஆட்கள் வந்தார்கள். முழுசாகவே திரும்பிப் போனார்கள். அன்றைக்கு மட்டும் கட்டிப் போட்டிருப்பார்கள் என்றோம்.

உள்ளே நாய் இருக்கிறது என்று நாராயணப்பன் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் சிரிப்பார்.

படிப்பு படிப்பு என்று விடுதி விடுதியாகக் கிடந்தவள் நான். லீவுக்கு வந்தாலும் இந்தப் பக்கம் தலை வைத்ததில்லை. எனக்கும் பயம்தான். சேலத்தில் பி.ஏ. முடித்து வந்து இது நான்காம் நாள்.

ஒழுகிக் காய்ந்திருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தேன். எழுத்து தெரிந்தது.

பித்தளைப் பூட்டு. அசல் சீமைத் தயாரிப்பு. விலை ஒன்றே கால் ரூபாய். சிக்பேட்டை, பெங்களூர்.

நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

படலைப் பார்த்தேன். பூட்டுகூட இல்லை. ஒரு கயிறு. அதிலும் முடிச்சு இல்லை, சும்மா சுற்றியிருந்தது.

ஒன்பது வருஷம். ஒரு தெரு முழுக்க. ஒரு தகரம்.

கயிற்றை எடுத்தேன். படல் தானாகவே விலகியது. மாமர நிழல். தொட்டி விளிம்பு வரை தண்ணீர். ஒரு காக்கை அதில் நிதானமாகக் குளித்துக்கொண்டிருந்தது.

அண்ணியிடம் போய்க் குடத்தைக் கேட்டேன். தரவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"ஏழு பேரைக் கடிச்சுக் கொன்ன நாய்னு அதுல எழுதியிருக்குதாமே. அன்னிக்குத் தெருவே கூடி நின்னப்ப நீதானே படிச்சுச் சொன்னியாம்?"

சொன்னேன்.

அப்போது எனக்கு வயது பதினொன்று. தெருவில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கீழே என்ன போட்டிருக்கிறது என்று அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது எனக்கு இங்கிலீஷ் தெரியாது.