திட்டி விற்ற கிழங்கு

"ஏய் மலைக்காரி! இது டாலோ கிழங்கா, இல்ல வீடு கட்டக் கொண்டு வந்த கல்லா?"

சுவா மார்க்கெட்டுல கதவைத் திறந்ததுமே உனைசி ஆரம்பிச்சுட்டா. இடிச்சுத் தண்ணியில கரைச்சுக் குடிப்பாங்களே, அந்தக் காவா வேர் விக்கிறவ. அவளுக்குப் பக்கத்துக் கடையில டாலோ விக்கிறவ வாசெமதா. ரெண்டு பேருக்கும் எதிர்ல மிளகாய் வித்துக்கிட்டு, இந்தக் கூத்தெல்லாம் கேட்கணும்னு என் தலையெழுத்து.

வாசெமதா பாவம். புருஷன் மரத்துல இருந்து விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கான். ஊர்ல இருந்து வர்ற கிழங்கு வித்தாத்தான் அவளால சுவாவுல தங்கி அவனைப் பார்த்துக்க முடியும். விக்கலைன்னா அவனைத் தனியா விட்டுட்டு மலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனா அவ வியாபாரம் பண்ற ஆளா? கிழங்கைக் கட்டி அடுக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்துருவா. விலை கேட்டா விரலைக் காட்டுவா.

"உனக்கும் சேர்த்து நான் கூவட்டுமாம்மா?"ன்னு கேட்டேன்.

"வேணாம்ணே. எனக்காக யாரும் தொண்டையைக் கிழிச்சுக்க வேணாம்."

அவ்வளவு வீம்பு. அப்படிப்பட்டவளைத்தான் இந்த உனைசி பிடிச்சுக்கிட்டா.

"இந்தா பாரு, நான் கண்டாவு தீவுக்காரி. நீ நைதாசிரி மலைக்காரி. நமக்குள்ள கேலி முறை. நான் திட்டினா நீ கோவிச்சுக்கக் கூடாது. பதிலுக்குத் திட்டலைன்னா உன் ஊருக்கே அவமானம். தெரியுமில்ல?"

முறைன்னு சொல்லிட்டா இங்க யாரும் தட்ட முடியாது. ரெண்டு ஊர்க் குலசாமிகளும் பங்காளிகளாம். அதுக்காக இப்படியா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஏம்மா, அவளே நொந்து போயிருக்கா. உன் வாய்க்கு வேற வேலையே கிடைக்கலையா?"

"மிளகாய் விக்கிறவருக்கே காரம் தாங்கலையாம், பாருங்கடி!"

அடுத்த நாள் ஒரு கிழங்கை எடுத்துக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்த்தா. "மலைக்காரன் தலை மாதிரியே இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல!"

வாசெமதா விருட்டுனு எழுந்துட்டா.

"உள்ள மாவு இருக்குடி! வேகவெச்சுத் தின்னு பாரு. மீன்முள்ளை நக்கிக்கிட்டுத் திரியற தீவுக்காரிக்குக் கிழங்கு ருசி என்ன தெரியும்?"

யப்பா, என்ன குரல்! மார்க்கெட்டே திரும்பிப் பார்த்துச் சிரிச்சுது.

"மாவாவா இருக்கு? அப்ப ரெண்டு கட்டு கொடு"ன்னு ஒரு பஸ் டிரைவர் வந்தார். அவர் பின்னாடியே நாலு பேர்.

அதுக்கப்புறம் தினமும் திருவிழாதான். "இன்னிக்கு என்ன சண்டை?"ன்னு கேட்டுக்கிட்டே கூட்டம் வரும். நின்னு சிரிச்சுட்டு, கையில டாலோக் கட்டோட போகும். மத்தியானத்துக்குள்ள கிழங்கு காலி. வாசெமதா ஆஸ்பத்திரிக்கு ஓடிருவா.

உனைசியோட வேர் மட்டும் வெச்ச இடத்துலயே இருக்கும்.

"ஊரு வம்புக்கு அலைஞ்சா உன் வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?"னு குத்தலாக் கேட்டேன்.

"காய்ஞ்ச வேர் கெட்டா போயிடும்ணே? கிழங்குதான் அழுகும்"னா. எனக்கு அப்பவும் உறைக்கலை.

வெள்ளிக்கிழமை உனைசியோட தம்பி வந்தான். அவ டீ குடிக்கப் போயிருந்தா.

"உங்க தீவுக்காரங்களுக்கே வாய் ரொம்ப நீளம்பா"ன்னேன்.

அவன் முழிச்சான். "எந்தத் தீவு? நாங்க சிகதோகா ஆத்தங்கரைக்காரங்க. படகைப் பார்த்தாலே எங்க அக்காவுக்குக் குமட்டும்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்ப முறையும் கிடையாது, ஒண்ணும் கிடையாதா? பதறிப்போய் நிமிர்ந்தேன். எதிர்ல வாசெமதா கிழங்கு கட்டிக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கா. போச்சு, இந்த வீம்புக்காரி மூட்டையைக் கட்டிருவான்னு நினைச்சேன்.

"அது வந்தும்மா..."

அவ உதட்டுல விரலை வெச்சா.

"எங்க அத்தையைக் கட்டிக் கொடுத்ததே கண்டாவுலதாண்ணே. அவங்க பேச்சு எனக்குத் தெரியாதா? இவ தீவுக்காரி இல்லன்னு வாயைத் திறந்த அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. சத்தம் போடாதீங்க, அவ வர்றா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நாளையில இருந்து மரியாதையாப் பேச ஆரம்பிச்சுருவா!"