ஒட்டுமீசையின் மேல் சந்தேகம்

சரித்திர நாடகம் போடும் குழுவின் மரப்பெட்டிக்குள், தங்கக் காகிதம் ஒட்டிய கிரீடமும் தகரவாளும் ஒட்டுமீசையை விட்டுத் தள்ளியே படுத்திருந்தன.

"இவனை நம்ப முடியவில்லை" என்றது வாள். "முதலில் தளபதி முகத்தில் இருந்தான். தளபதி செத்துக் கால் மணி நேரம் ஆகவில்லை, அவரைக் கொன்ற துரோகியின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டான். சண்டையில் பின்வாங்காததுதான் மானம். இவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?"

"குழுவில் இருப்பது ஒரே மீசை" என்றது மீசை. "எவ்வளவு வேர்த்தாலும் பாதிக் காட்சியில் கழன்று விழமாட்டேன். எனக்கு மானம் அதுதான். ஆமாம், தளபதியின் முதுகில் இறங்கியது யாரண்ணே?"

வாள் உறைக்குள் நகர்ந்தது.

கிரீடம் விடவில்லை. "பேச்சை மாற்றாதே. எவனுக்கும் தாழாமல் இருப்பதுதான் மானம். கடைசிக் காட்சியில் அந்தத் துரோகி சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தபோது நீ முறுக்கிக்கொண்டு நின்றாய். என் கண்ணாலேயே பார்த்தேன்."

"பார்த்திருப்பீர்கள்" என்றது மீசை. "அவன் தலை மேல்தானே உட்கார்ந்திருந்தீர்கள்?"

அன்றிலிருந்து பெட்டிக்குள் மூன்றும் ஆளுக்கொரு மூலையில் படுத்தன.