ஒரு டீ நேரம்

"எல்லாமே இதுல எழுதியிருக்கும்மா. மில்லுக்கே இந்த ஒரு புத்தகம்தான். பத்திரமா பூட்டி வச்சிருந்தேன்" என்றார் மேலாளர்.

சாவி முனையால் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் கையேட்டை வெளியே எடுத்தார். உறை மின்விசிறிக் காற்றில் பறந்து அவள் காலடியில் விழுந்தது.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புது டிரைவ் பெட்டிக்கான கையேடு அது. அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தபோதுதான் மின்சாரம் தாக்கி அவள் கணவர் இறந்தார். மில்லில் அவர்தான் எலக்ட்ரீஷியன்.

அவசரப்பட்டுவிட்டார் என்று மில்லில் சொன்னார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஒருவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று மகளும் கேட்டுவிட்டாள், அப்பா ஏன் அவசரப்பட்டார் என்று. அதற்கு ஒரு பதில் தேடித்தான் அவள் இங்கே வந்திருந்தாள்.

அவரா அவசரக்காரர்? வீட்டில் பல்பு மாற்றுவதென்றால்கூட மெயினை அணைத்துவிட்டு, உட்கார்ந்து ஒரு டீயைக் குடித்து முடித்த பிறகுதான் ஸ்டூலில் ஏறுவார். அதுவரை வீடே இருட்டில் கிடக்கும். ஒரு பல்பு போனால் கால் கிலோ டீத்தூள் தீர்கிறது என்று அவள் நொடிப்பாள். பதறாத காரியம் சிதறாது என்பார் அவர்.

மில்லிலும் அதே வழக்கம்தான். சுவிட்சை அணைத்தாலும் பெட்டிக்குள் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், அது வடிய ஒரு டீ நேரம் போதும் என்று அவளிடமே சொல்லியிருக்கிறார்.

அன்றும் டீ குடித்திருந்தார். அவருடைய பொருட்களோடு வீட்டுக்கு வந்த ஃபிளாஸ்க் காலியாக இருந்தது. அதைக் கழுவ அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.

மேலாளர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்கே நேரம் பிடித்தது. பிறகு விரலை வைத்துத் தமிழில் சொன்னார், அணைத்த பிறகு பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று.

"பழைய பெட்டிக்கு எவ்வளவு சார்?"

"அதுக்கு அஞ்சு போதும். இது பெருசும்மா, போன மாசம்தான் மாட்டினோம். இதைப் படிச்சுப் பாத்திருந்தார்னா தெரிஞ்சிருக்கும்."

எந்நாளும் போல அன்றும் அவர் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு டீ குடித்திருந்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பார்.

வேண்டுமானால் எடுத்துப் போங்கள் என்று மேலாளர் கையேட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் குனிந்து, காலடியில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். தூசியைத் தட்டி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"புத்தகம் உங்ககிட்டயே இருக்கட்டும் சார். பொண்ணுகிட்ட காட்ட எனக்கு இது போதும்."