கடலை ஒத்துக்காதவன்

"இந்தப் பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜியே கிடையாது. எந்தக் காலத்துலயும் இருந்த மாதிரியும் தெரியலை" என்றார் டாக்டர் ப்ரூயிட்.

லோர்னா மகனைத் திரும்பிப் பார்த்தாள். வெண்டல் காலி ஸ்பூனை நக்கிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து ஐந்து தடவை பீனட் பட்டர் கொடுத்துவிட்டார்கள். முதலில் கடுகளவு, கடைசியில் இரண்டு ஸ்பூன் முழுசாக. ஒரு தடிப்பு இல்லை, ஒரு தும்மல் இல்லை.

"அப்போ நல்லதுதானே டாக்டர்? விலக்கு கொடுத்துடுவாங்கல்ல?"

ராணுவ அகாடமிக்கு வேண்டிய எல்லாவற்றிலும் தேறியிருந்தான். தொகுதிப் பிரதிநிதியின் பரிந்துரைக் கடிதம்கூடக் கிடைத்தாயிற்று. பள்ளிக்கூட மருத்துவக் குறிப்பில் 'வேர்க்கடலை அலர்ஜி' என்று கிடந்த ஒரே ஒரு வரிதான் குறுக்கே நின்றது. போர்முனையில் கிடைத்ததைத் தின்ன வேண்டியவனுக்குத் தனிச் சமையலா செய்ய முடியும்? தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். இனி அந்த வரியைப் பொருட்படுத்தாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்களே கொடுக்கும் மருத்துவ விலக்கு ஒன்றுதான் வழி.

"கொடுப்பாங்க லோர்னா. ஆனா ஒண்ணு கேட்பாங்க. இல்லாத அலர்ஜி குறிப்புல எப்படி ஏறுச்சு?"

"ஒண்ணாங்கிளாஸ்ல இவன்தான் நர்ஸ்கிட்ட சொன்னான், கடலை தின்னா நாக்கு அரிக்குது, தொண்டை அடைக்குதுன்னு. எங்க ஊர் டாக்டரும் இவன் சொன்னதை வச்சே எழுதிக் கொடுத்துட்டார்."

இரண்டு பேரும் வெண்டலைப் பார்த்தார்கள்.

"பொய்தான் சொன்னேன்" என்றான்.

லோர்னா நாற்காலியை விட்டு எழுந்தாள். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

"பதினோரு வருஷம்டா! உங்கப்பா ஆசை ஆசையா தின்ன பீனட் பட்டரை அன்னிக்கே குப்பையில போட்டேன். கடையில ஒவ்வொரு பாக்கெட்டா திருப்பித் திருப்பிப் பொடி எழுத்தைப் படிச்சேன். பேஸ்பால் பார்க்கப் போனா கடலைத் தோல் கிடக்கும்னு அங்கேயும் கூட்டிட்டுப் போகலை. ஊசி மருந்தை எப்பவும் கைப்பையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்டா!"

"தெரியும்மா."

"தெரியுமாம்!"

டாக்டர் மெல்லச் செருமினார். லோர்னா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், சின்ன வயசுல இருந்துச்சு, இப்போ போயிடுச்சுன்னு எழுதிடுங்களேன். நிறைய பேருக்குப் போகுமாமே. யாரு தோண்டிப் பார்க்கப் போறாங்க?"

டாக்டர் பேனாவை எடுக்கவில்லை.

"வேண்டாம்மா" என்றான் வெண்டல். "பொய் சொல்றவன் வேண்டாம்னு அகாடமி விதிமுறையில முதல் பக்கத்துலயே போட்டிருக்காங்க."

"பொய் சொன்னேன்னு எழுதினா மட்டும் மேளம் கொட்டிக் கூப்பிடுவாங்களா?"

"கூப்பிடலைன்னா போகட்டும். ஏன் சொன்னேன்னு நானே எழுதித் தர்றேன் சார்."

நாலே வரி எழுதி மடித்துக் கொடுத்தான். டாக்டர் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார். கோப்பில் வைத்து மூடினார்.

டாக்டர் இருந்த ஒமாஹா நகரத்திலிருந்து வீடு வந்து சேர இரண்டு மணி நேரம்.

"அம்மா, ரேடியோ போடவா?"

"போடாதே."

அவ்வளவுதான் வழி முழுக்கப் பேச்சு.

ஆறு வாரம் கழித்துச் செய்தி வந்தது. விலக்கு கொடுத்தாயிற்று, ஜூலை முதல் வாரம் வந்து சேர வேண்டும்.

அவன் அப்பா கடைக்குப் போய்ப் பெரிய பாட்டிலாகப் பார்த்து பீனட் பட்டர் வாங்கிவந்து மேஜையின் நடுவில் வைத்தார். லோர்னாவே ரொட்டியில் விரல் தடிமனுக்குத் தடவினாள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் வெண்டல் கை நீட்டியதும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல காரணத்தைச் சொல்லு. அப்புறம்தான் தட்டு."

"வெட்கமா இருக்கும்மா."

"ராணுவத்துக்கே எழுதிக் கொடுத்துட்டே. பெத்தவகிட்ட என்னடா வெட்கம்?"

வெண்டல் ரொட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"கடலை ஒத்துக்காத பசங்களுக்கு ஸ்கூல்ல மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனி மேஜைம்மா. மத்தவங்க யாரும் அங்கே உட்காரக் கூடாது. முதல் வாரம் அதுல எங்க கிளாஸ் எமெட் ஒருத்தன்தான் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் ரெண்டு பேர்."